யாழ்ப்பாணத்தில் கால்வாசி வாக்குக்கு அரைவாசி ஆசனம் எப்படி வந்தது?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். 2024 செப்டெம்பரில் இலங்கையில் அநுர குமார திசாநாயக்க 42 வீத வாக்கோடு ஜனாதிபதியானார். நவம்பரில் அவருடைய தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாண மாவட்டத்தில் நான்கில் ஒரு பங்கு வாக்கை எடுத்து, ஆறு ஆசனத்தில் மூன்றைக் கொண்டுபோனது. நாடு முழுக்க 61 வீத வாக்குக்கு 225இல் 159 ஆசனம். எண்ணுகிற இடத்தில் ஏதாவது தில்லுமுல்லா, இல்லை முறையே பிழையா, இந்தியா மாதிரித் தொகுதிக்கு ஒருவர் என்று மாற்றினால் சரியாகுமா, சங்குச் சின்னத்தில் நின்ற ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணிக்குப் போட்ட வாக்கு வீணாய்ப் போனதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு வேறு கேள்விகள் கலந்து கிடக்கின்றன: இந்த முடிவு சட்டத்தில் உள்ளபடி வந்ததா என்பது ஒன்று, அந்தச் சட்டம் நியாயமா என்பது இன்னொன்று. முதலாவதை ஒரு கல்குலேட்டரை வைத்துப் பத்து நிமிடத்தில் நீங்களே சரிபார்க்கலாம். இரண்டாவதில்தான் வாதாட இடமிருக்கிறது.

யாழ்ப்பாணத்தையே எடுப்போம். கட்சிகளைச் சின்னத்தாலேயே சொல்கிறேன். அங்கே திசைகாட்டிக்கு (தேசிய மக்கள் சக்தி) 80,830 வாக்கு, வீட்டுக்கு (தமிழரசுக் கட்சி) 63,327, சைக்கிளுக்கு (தமிழ்க் காங்கிரஸ்) 27,986, சுயேச்சைக் குழு 17க்கு 27,855, சங்குக்கு 22,513, வீணைக்கு (ஈ.பி.டி.பி.) 17,730. மற்றவர்கள் எல்லோரும் ஐந்து வீதத்துக்குக் கீழே. அரசியலமைப்பின் 99ஆம் உறுப்புரை சொல்லும் கணக்கு இப்படிப் போகும். மாவட்டத்தில் முதலிடம் வந்த கட்சிக்கு எடுத்த எடுப்பில் ஓர் ஆசனம். இதுதான் போனஸ் ஆசனம். அடுத்து, செல்லுபடியான வாக்கில் இருபதில் ஒரு பங்கைக்கூட எடுக்காத கட்சிகளையும் குழுக்களையும் வெட்டிவிட வேண்டும். மிஞ்சியவர்களின் வாக்கைக் கூட்டினால் 240,241 வருகிறது. போனஸ் போக ஐந்து ஆசனம் மிச்சமிருப்பதால் ஐந்தால் வகுக்க வேண்டும்: 48,048. ஓர் ஆசனத்தின் விலை இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். திசைகாட்டியால் அந்த விலைக்கு ஒன்று வாங்க முடிகிறது, கையில் 32,782 மிச்சம். வீடும் ஒன்று வாங்குகிறது, மிச்சம் 15,279. வேறு எவராலும் முழு விலை கொடுக்க முடியவில்லை. இன்னும் மூன்று ஆசனம் கிடக்கிறது. அவற்றை மிச்சம் கூடியவர்களுக்கு வரிசையாகக் கொடுக்க வேண்டும்: திசைகாட்டியின் 32,782, சைக்கிளின் 27,986, சுயேச்சைக் குழுவின் 27,855. சங்கின் 22,513 நான்காவது, அதற்கு ஆசனம் இல்லை. ஆக, திசைகாட்டி மூன்று (போனஸ் ஒன்று, விலைக்கு ஒன்று, மிச்சத்துக்கு ஒன்று), வீடு ஒன்று, சைக்கிள் ஒன்று, சுயேச்சைக் குழு ஒன்று. அறிவிக்கப்பட்ட முடிவும் இதுவே. வாக்குத் தொகையை ஏற்றுக்கொண்டால் ஆசனத் தொகையில் எவருடைய கைவேலைக்கும் இடமில்லை.

இப்போது போனஸை மட்டும் எடுத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்து ஆறால் வகுத்துப் பாருங்கள். விலை 40,040 ஆகிறது. திசைகாட்டி இரண்டை முழு விலைக்கு வாங்கிவிட்டு வெறும் 750 வாக்கோடு நிற்கும். வீடு ஒன்றை வாங்கி 23,287ஐ மிச்சம் வைத்திருக்கும். மீதி மூன்றும் சைக்கிள், சுயேச்சைக் குழு, வீடு என்று போகும். அதாவது திசைகாட்டி இரண்டு, வீடு இரண்டு. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆசனத்தை வீட்டிலிருந்து திசைகாட்டிக்கு நகர்த்தியது போனஸ் விதி. உங்களை உறுத்தியது எது என்று கேட்டால், ஆறில் ஒன்றான அந்த ஓர் ஆசனம்தான்.

ஆனால் போனஸைத் தமிழ்க் கட்சிகளுக்கு எதிரான சூழ்ச்சி என்று சொல்லிவிட முடியாது. அதே நாளில் மட்டக்களப்பில் வீடு மூன்றில் ஒரு பங்கு வாக்கை, 96,975ஐ, எடுத்து ஐந்தில் மூன்று ஆசனத்தைப் பெற்றது. அங்கே போனஸ் வீட்டுக்கு. 2020இல் யாழ்ப்பாணத்தில் 31 வீத வாக்குக்கு ஏழில் மூன்று ஆசனம் கிடைத்ததும் தமிழரசுக் கட்சிக்கே, அப்போதும் போனஸ் அவர்களிடம். முதலாவது ஓடி வருபவன் எவனோ அவனுக்குப் பரிசு. எதிரணி எவ்வளவு சிதறிக் கிடக்கிறதோ, அவ்வளவு குறைந்த வாக்கோடு அந்தப் பரிசைத் தட்டிக்கொண்டு போகலாம். மாவட்டம் சின்னதாகச் சின்னதாக அதன் எடையும் கூடும்: பத்தொன்பது ஆசனமுள்ள கம்பஹாவில் ஒரு போனஸ் பெரிதாகத் தெரியாது, நான்கே ஆசனமுள்ள திருகோணமலையில் அது கால்வாசி. யாழ்ப்பாணம் 2010இல் ஒன்பது ஆசன மாவட்டம், 2015இலும் 2020இலும் ஏழு, 2024இல் ஆறு. நாட்டின் மொத்த வாக்காளரில் மாவட்டத்தின் பங்கு மெலிய மெலிய ஆசனம் குறைகிறது, போனஸ் மட்டும் குறையாமல் ஒன்றாகவே நிற்கிறது.

சங்குக்குப் போட்ட வாக்கு வீணா என்ற கேள்விக்கும் இதே கணக்கில் பதில் இருக்கிறது, கொஞ்சம் கசப்பான பதில். வீட்டின் 63,327ஐயும் சங்கின் 22,513ஐயும் கூட்டினால் 85,840. அது திசைகாட்டியின் 80,830ஐ விடக் கூட. இரண்டும் ஒரே பட்டியலில் நின்று, வாக்கும் அப்படியே விழுந்திருந்தால் போனஸ் கைமாறியிருக்கும். விலை அதே 48,048தான். கூட்டுப் பட்டியலுக்குப் போனஸ் ஒன்று, விலைக்கு ஒன்று, மிச்சமான 37,792க்கு ஒன்று என மூன்று ஆசனம். திசைகாட்டிக்கு இரண்டு. கடைசி ஆசனத்தில் சைக்கிள் சுயேச்சைக் குழுவை 131 வாக்கால் முந்தியிருக்கும். இதில் எண்கள் நிச்சயம், “வாக்கும் அப்படியே விழுந்திருந்தால்” என்ற பகுதிதான் சந்தேகத்துக்குரியது. இரண்டு கட்சி சேர்ந்தால் இரண்டின் வாக்கும் அப்படியே சேர்வது அபூர்வம். பிரிந்து நின்றதால் சங்குக்குப் போனவர்களில் சிலர், சேர்ந்து நின்றிருந்தால் வேறு பட்டியலுக்குப் போயிருப்பார்கள், அல்லது வாக்களிக்கவே போயிருக்க மாட்டார்கள். ஆகவே இதைத் தீர்ப்பாக எடுக்காமல், விதி எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதற்கு அடையாளமாக மட்டும் எடுங்கள். தேர்தலுக்கு முன் சேராதவர்களை இந்த விதி தண்டிக்கும்.

ஐந்து வீத வெட்டுப்புள்ளியைப் பலரும் திட்டுகிறார்கள். அதன் பழைய உருவம் இதைவிட மோசம். 1978 அரசியலமைப்பு எழுதப்பட்டபோது அது எட்டில் ஒன்று, அதாவது 12.5 வீதம். 1988 டிசம்பரில் 15ஆவது திருத்தம் அதை இருபதில் ஒன்றாக்கியது. பழைய வெட்டு இன்றைக்கும் இருந்திருந்தால் யாழ்ப்பாணத்தில் திசைகாட்டியும் வீடும் மட்டுமே அரங்கில் நின்றிருக்கும், ஆசனம் நாலுக்கு இரண்டு என்று முடிந்திருக்கும். கணக்கை விரும்பினால் போட்டுப் பாருங்கள், விலை 28,831 வரும்.

நாடளாவிய 159க்கு வருவோம். 225இல் 61.56 வீதம் என்பது 138 அல்லது 139 ஆசனம். இருபது ஆசனம் அதிகம் விழுந்திருக்கிறது. எங்கே விழுந்தது என்று தேட எளிதான வழி ஒன்று உண்டு. தேசியப் பட்டியலின் 29 ஆசனங்கள் மாவட்ட எல்லை, போனஸ் எதுவும் இல்லாமல் நாடு முழுவதற்குமான வாக்கை வைத்துப் பிரிக்கப்படுகின்றன. அதில் தேசிய மக்கள் சக்திக்குப் 18, அதாவது 62 வீதம், வாக்கு வீதத்துக்கு அச்சொட்டான பங்கு. மாவட்டங்களின் 196இல் அவர்களுக்கு 141, அதாவது 72 வீதம். வீக்கம் முழுவதும் மாவட்ட மட்டத்தில். 22 மாவட்டங்களில் மட்டக்களப்பைத் தவிர 21இலும் அவர்களே முதலிடம், ஆகவே 21 போனஸ். போனஸ் இல்லாவிட்டால் 159இலிருந்து 21ஐக் கழித்தால் போதும் என்று சிலர் எழுதுவது பிழை. அந்த 21 ஆசனமும் பொதுப் பானைக்குத் திரும்பி வந்து மறுபடி பிரிக்கப்படும், அதில் பெரும்பங்கு பெரிய கட்சிக்கே போகும். மூன்றில் இரண்டுக்கு 150 வேண்டும். போனஸ் இல்லாமல் அந்தக் கோட்டைத் தாண்டியிருப்பார்களா என்பதை மொத்த வீதத்தை வைத்துச் சொல்ல முடியாது, 22 மாவட்டத்துக்கும் தனித்தனியே வகுத்துப் பார்க்க வேண்டும். 2010இல் 60.33 வீதத்துக்கு 144, 2020இல் 59.09 வீதத்துக்கு 145 ஆசனம் கிடைத்தன. இந்த முறை வாக்கு ஒன்றிரண்டு வீதம்தான் கூட, ஆசனமோ பதினான்கு பதினைந்து கூட. வடக்கிலும் கிழக்கிலும்கூடப் போனஸ் கிடைத்ததும், எதிரணி வாக்கு பல துண்டாகி வெட்டுப்புள்ளிக்குக் கீழே போனதும் இதற்குப் பெரிய காரணங்கள் என்பது என் கணிப்பு.

வடக்குக்குச் சாதகமான ஒரு விதியையும் சொல்லாமல் விட்டால் கணக்கு ஒருபக்கமாகிவிடும். மாவட்டங்களுக்கான 196இல் 160தான் வாக்காளர் தொகைப்படி பிரிகிறது. மீதி 36ஐ மாகாணத்துக்கு நான்கு என்று, பெரியது சிறியது பாராமல், ஒன்பது மாகாணத்துக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். வட மாகாணத்தின் பன்னிரண்டு ஆசனத்தில் நான்கு இந்த வழியில் வந்தவை. மேல் மாகாணத்துக்கும் அதே நான்குதான். எல்லாவற்றையும் வாக்காளர் தொகைக்கே பிரியுங்கள் என்று கேட்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் இழக்க நேரிடும்.

தொகுதிக்கு ஒருவர் என்ற முறை இலங்கைக்குப் புதிதில்லை. 1977 வரை இருந்தது அதுதான். அந்த வருடம் ஐக்கிய தேசியக் கட்சி 51 வீத வாக்கோடு 168இல் 140 ஆசனத்தை எடுத்தது. ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்கு 30 வீத வாக்கு, எட்டே எட்டு ஆசனம். தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 7 வீதத்துக்கும் குறைவான வாக்கு, ஆனால் ஒரே இடத்தில் குவிந்த வாக்கு, ஆகவே 18 ஆசனம். அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானது அப்படித்தான். அந்த ஆறில் ஐந்து பலத்தைக் கொண்டுதான் அரசியலமைப்பையே புதிதாக எழுதினார்கள், 1982 டிசம்பரில் ஒரு சர்வஜன வாக்கெடுப்பை வைத்து அதே பாராளுமன்றத்தை 1989 வரை இழுத்தார்கள். நீங்கள் சொல்லும் இந்திய முறையிலும் இதேதான் நடக்கிறது: 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அதிமுக சுமார் 44 வீத வாக்குக்கு 39இல் 37ஐ எடுத்தது, சுமார் 23 வீதம் எடுத்த திமுகவுக்கு ஒன்றுகூட இல்லை. 61 வீதத்துக்கு 159 வந்தது அநியாயம் என்று நினைப்பவர் தொகுதி முறையைக் கேட்பது, மழைக்குப் பயந்து குளத்தில் குதிப்பது மாதிரி.

ஜனாதிபதித் தேர்தலின் 42 வீதம் வேறு சங்கதி. செல்லுபடியான 13,319,616 வாக்கில் அநுரவுக்கு 5,634,915, சஜித் பிரேமதாசவுக்கு 4,363,035, ரணில் விக்கிரமசிங்கவுக்கு 2,299,767. பாதிக்கு மேல் எவருக்கும் இல்லாததால், 1982இல் தொடங்கிய ஜனாதிபதித் தேர்தல்களில் முதல் தடவையாக விருப்பு வாக்கை எண்ண வேண்டி வந்தது. 94ஆம் உறுப்புரைப்படி முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஒரேயடியாக நீக்கப்படுவார்கள். நீக்கப்பட்டவர்களின் வாக்குச் சீட்டை எடுத்து, 2 என்ற இலக்கம் அந்த இருவரில் ஒருவருக்கு இருந்தால் அவர் கணக்கில் சேர்ப்பார்கள். இல்லாவிட்டால் 3ஐப் பார்ப்பார்கள். ஒரு சீட்டில் சங்குக்கு (அந்தத் தேர்தலில் அரியநேத்திரனின் சின்னம்) 1, காஸ் சிலிண்டருக்கு (ரணில்) 2, டெலிபோனுக்கு (சஜித்) 3 என்று போட்டிருந்தால், ரணிலும் நீக்கப்பட்டவர் என்பதால் 2ஐத் தாண்டிப் போய் 3ஐப் பார்த்துச் சஜித்துக்குச் சேர்ப்பார்கள். அதே சீட்டில் 3 மொட்டுக்கு (நாமல் ராஜபக்ஷ) என்றிருந்தால் சீட்டு அதோடு முடிந்தது. அநுரவுக்கோ சஜித்துக்கோ 1 போட்டவர்களின் 2ஐயும் 3ஐயும் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இப்படி நீக்கப்பட்ட 36 பேருக்கும் விழுந்திருந்த சீட்டு 3,321,666. அதிலிருந்து அநுரவுக்கு 105,264, சஜித்துக்கு 167,867 வந்து சேர்ந்தன. மொத்தம் 273,131, அதாவது நூற்றுக்கு எட்டு. மீதி முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகளில் முதல் இருவருக்கான இலக்கம் எதுவும் இல்லை. முடிவாக அநுரவுக்கு 5,740,179, சஜித்துக்கு 4,530,902. இந்த இரண்டையும் மட்டும் வைத்துப் பார்த்தால் அநுரவுக்கு 55.89 வீதம். முதலில் விழுந்த மொத்தச் செல்லுபடி வாக்கோடு ஒப்பிட்டால் இரண்டாம் எண்ணலுக்குப் பிறகும் 43 வீதம்தான். “ஐம்பதும் ஒன்றும் எடுக்காமல் எப்படி” என்று கேட்பவர்களுக்கு: பாதிக்கு மேல் என்ற நிபந்தனை முதல் எண்ணலுக்கு மட்டும். இரண்டாவதில் இருவரில் கூடுதலாக எடுத்தவர் வென்றவர்.

எல்லோரும் இலக்கம் போட்டிருந்தால் முடிவு மாறியிருக்குமா? சஜித் முந்துவதற்கு அந்த 33 இலட்சம் சீட்டில் 69 வீதத்துக்கு மேல் அவருக்கு வந்திருக்க வேண்டும். இலக்கம் போட்டவர்களிடையே அவருக்குக் கிடைத்தது 61.5 வீதம். அதே விகிதத்தில் எல்லாம் பிரிந்திருந்தால் அநுர சுமார் ஐந்து இலட்சம் வாக்கால் வென்றிருப்பார், மொத்தத்தில் பாதியையும் தாண்டியிருப்பார். இலக்கம் போடத் தெரிந்தவர்களும் போடாமல் விட்டவர்களும் ஒரே மாதிரி நினைப்பவர்கள் என்று எடுத்துக்கொண்டால்தான் இது நிற்கும். அதற்கு உத்தரவாதம் இல்லை. என் பார்வையில் இந்த முறையின் பலவீனம் 42 என்ற எண்ணில் இல்லை. கடைசி இருவர் யார் என்று முன்கூட்டியே ஊகித்து, 38 பேரில் மூவரை மட்டும் வரிசைப்படுத்தச் சொல்கிறது. பிரான்ஸில் போல இரண்டு கிழமை கழித்து இன்னொரு சுற்று வைத்தால் ஊகிக்க வேண்டியதில்லை, செலவும் களேபரமும் இரட்டிப்பு. செலவில்லாத வழி 2ஐயும் 3ஐயும் போட மக்களைப் பழக்குவது. கட்சிகள் அதைச் செய்யாது, தங்களுக்கு மட்டும் புள்ளடி போடச் சொல்வதே அவர்களுக்கு வசதி.

புள்ளடி என்றதும் இன்னொன்று. ஜனாதிபதித் தேர்தலில் நிராகரிக்கப்பட்ட வாக்கு 300,300. இரண்டு மாதம் கழித்துப் பாராளுமன்றத் தேர்தலில், வாக்களித்தவர் தொகை பதினெட்டு இலட்சம் குறைந்தும், நிராகரிப்பு 667,240 ஆக ஏறியது. பாராளுமன்றச் சீட்டில் முதலில் கட்சிக்குப் புள்ளடி, பிறகு கீழே உள்ள வேட்பாளர் இலக்கங்களில் மூன்றுக்கு மேற்படாமல் விருப்பு வாக்கு. கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் சீட்டுச் செல்லாது. இரண்டு கட்சிக்குப் போட்டாலும் செல்லாது. மூன்றுக்கு மேல் இலக்கத்தில் போட்டால் கட்சி வாக்கு நிற்கும், விருப்பு வாக்கு மட்டும் போகும். ஒரே பெயரில் இரண்டு தேர்தலிலும் “விருப்பு வாக்கு” இருக்கிறது, இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு வேறு. குழப்பத்துக்கு வாக்காளரை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் கடைசி இரண்டு ஆசனக்காரருக்கும் இடையே 131 வாக்குத்தான் வித்தியாசம் என்பதை நினைவில் வையுங்கள்.

என்ன மாற்றலாம் என்று கேட்டால், என்னுடைய தெரிவு போனஸ் ஆசனத்தை எடுத்துவிட்டு மற்றவற்றை அப்படியே விடுவது. அரசாங்கம் நிலைத்து நிற்க அது வேண்டும் என்பது எதிர்வாதம். 2004இல் போனஸ் இருந்தும் முதலிடக் கட்சிக்கு 105 ஆசனம்தான், 113க்கு ஆள் தேட வேண்டியிருந்தது. தேவைப்படும் நேரத்தில் கைகொடுக்காமல், ஏற்கெனவே பலமானவருக்கு மேலும் கொடுக்கிற உதவி அது. ஆனால் இதற்கு அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும், மூன்றில் இரண்டு வேண்டும், அதை வைத்திருப்பவர்கள் அந்த விதியால் பயனடைந்தவர்கள்.

கலப்பு முறை, அதாவது ஒரு பங்கு தொகுதி, ஒரு பங்கு விகிதாசாரம் என்ற யோசனையும் அடிக்கடி வருகிறது. நியூசிலாந்தில் 1996 முதல் அது நன்றாகவே ஓடுகிறது. இலங்கையில் 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலை 60க்கு 40 என்ற கலப்பில் நடத்தினார்கள். உறுப்பினர் தொகை சுமார் 4,500இலிருந்து 8,000க்கு மேலே போனது, பல சபைகளில் எவருக்கும் பெரும்பான்மை இல்லை. மாகாண சபைக்கு 50க்கு 50 என்று 2017இல் சட்டத்தைத் திருத்தினார்கள், அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் பாராளுமன்றமே தோற்கடித்தது. பழைய முறை போய்விட்டது, புதியதற்கு எல்லை இல்லை, வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பிறகு தேர்தல் அந்த இடத்திலேயே சிக்கிக்கொண்டது.